தேதி போட்டு எழுதுங்கள்
(சோழவரம் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே, புதுச்சேரியில் துய்ப்ளேக்சிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல், சரக்கு, விலை எல்லாம் அதில் உண்டு. அந்தச் சரக்கைச் சுமந்தவன் எழுதின குறிப்பு எங்கே? நம்மாளு இரட்டைமலை சீனிவாசன் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ போட 1939 ஆயிற்று.

செங்கல் சூளையில் வேலை செய்த எங்கம்மா, நாள் கூலிக்குச் சுவரில் கரிக்கோடு போடுவாள். மழையில் அழிஞ்சுபோச்சு. மேஸ்திரி சொன்னதே கணக்காச்சு.

நான் வங்கி குமாஸ்தா. தேதியில்லாத பதிவு அங்கே செல்லாது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போனாலும் ‘என்னைக்கு நடந்தது?’ என்றுதான் கேட்பார்கள். அப்ப முழிக்கக் கூடாது. அம்மாவின் கரிக்கோட்டை நோட்டுல ஏத்துங்க. இன்னைக்கு ராத்திரியே.