உச்சமுனையிலிருந்து உச்சிக்கு

கற்பிட்டிப் பக்கத்து உச்சமுனைக்குப் பெயரிலேதான் உச்சம். கால்வைத்தால் எல்லாம் மணல், கடல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கே வளரும் பிள்ளைக்கு மலை என்றால் படப்புத்தகம்தான். விடுமுறைக்கு நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனால் எப்படி?

வள்ளத்தில் கற்பிட்டிப் பக்கம் இறங்கி, புத்தளம், குருநாகல், கண்டி, கம்பளை. வெயில் வழியெல்லாம் கூடவே வரும். றம்பொடையில் வளைவுகள் நெருங்கும்போதுதான் சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்குவான். பயப்படாதீர்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். வெளியே அழுத்தம் குறைய, காதுக்குள் அடைபட்ட காற்று செவிப்பறையைத் தள்ளுகிறது. விழுங்கினால் அடைப்பு விடும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால், பெரியவனுக்கு ஒரு மிடறு தண்ணீர். பையிலிருக்கும் பொரியல் பக்கற்றை எடுத்துக் காட்டுங்கள், பலூன்போல உப்பியிருக்கும். அழுகை நின்றுவிடும்!

குளிருக்கும் கணக்குண்டு. ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் சுமார் ஆறரைப் பாகை குறையும். கரையில் 30 என்றால் மேலே 18 அளவில். இரவில் இன்னும் இறங்கும். சுவெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கட்டுவது நம் பழக்கம், மேலே வையுங்கள்.

ஏப்ரலில் பூ நிறைய, சனமும் நிறைய. சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த நெரிசல் வேண்டாம் என்பேன். சற்றுத் தள்ளி ஹக்கலைப் பூங்கா இருக்கிறது. 1861இல் மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். ஓடி விளையாடப் புல்வெளி உண்டு. கரைப்பிள்ளை அங்கே முதலில் கேட்கப்போவது என்னவோ, "கடல் எந்தப் பக்கம்?" என்றுதான்.