விருப்பாட்சியில் கூடியவர்கள் யார் யார்?

(நாகல் நகரில் நம்ம ஐ.டி. அணியின் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்டபொம்மன் நினைவு நாள், மருது சகோதரர்கள் நினைவு நாள் வந்தா எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். படம், பேரு, தேதி, ஒரு வரி. இவங்க ஒருத்தருக்கொருத்தர் என்ன தொடர்பு, ஏன் சேர்ந்தாங்க, எப்படித் தோத்தாங்க? இது ஒரு கார்டுக்குள்ள அடங்காது. அதுக்குப் புத்தகம்தான் வேணும்.

பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1800-1801 தென்னிந்தியப் புரட்சிதான் முதல் சுதந்திரப் போர் என்பது அவர் வாதம். கம்பெனியின் ஆவணங்களை வச்சே, யார் யாரோட சேர்ந்தாங்க, எங்க திட்டம் போட்டாங்கன்னு சம்பவம் சம்பவமா சொல்லிட்டுப் போறார்.

அதுல ஒரு முக்கியமான ஊர், ஒட்டன்சத்திரம் தாண்டி பழனி ரோட்டுல இருக்கிற நம்ம விருப்பாட்சி.

1792 ஒப்பந்தத்துல திப்பு சுல்தான்கிட்ட இருந்து திண்டுக்கல் சீமை கம்பெனி கைக்குப் போச்சு. 1799-ல் திப்பு வீழ்ந்தார். அதே வருஷம் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டாங்க. எல்லாரும் பயந்து ஒதுங்க வேண்டிய நேரம். ஆனா விருப்பாட்சி கோபால் நாயக்கர் கூட்டணி கட்டினார். ஒரு காலத்துல வேலு நாச்சியாருக்கே அடைக்கலம் கொடுத்தவர் அவர். சிவகங்கை மருது சகோதரர்கள், மலபார் கேரள வர்மா, மைசூர்ப் பக்கம் கிருஷ்ணப்ப நாயக்கர், வடக்கே தூந்தாஜி வாக். மொழி வேற, மதம் வேற, சாதி வேற. எதிரி ஒண்ணு.

தோல்வியையும் சேர்த்துப் படிங்க. 1800 ஜூன் 3-ல் கோவைக் கோட்டையைத் தாக்கப் போட்ட திட்டம் முறிஞ்சது. பலர் தூக்கிலிடப்பட்டாங்க. செப்டம்பர்ல தூந்தாஜி போரில் இறந்தார். அதோட முடிஞ்சுதா? இல்லை. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டை சிறையிலிருந்து தப்பினார். ஜூன் 16-ல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரையும் இஸ்லாமியரையும் ஒரே குரலில் அழைத்த அறிக்கை அது.

அதே வருஷம் கோபால் நாயக்கரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டாங்க. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். 1802-ல் 73 பேர் பினாங்குக்கு நாடு கடத்தல். அதுல சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் உண்டு. அப்போ அவர் சின்னப் பையன்.

இன்னைக்கு என்ன நடக்குது? ஆளுக்கொரு சாதிச் சங்கம் ஆளுக்கொரு தலைவரைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போகுது. உயிரோட இருந்தப்ப ஒண்ணா நின்னவங்களை, 200 வருஷம் கழிச்சு நாம தனித்தனியா நிக்க வைக்கிறோம். இந்த ஃபார்வர்டுக்கு நம்மகிட்ட பதில் வேணும்னா, முழுக் கதையும் தெரிஞ்சிருக்கணும்.

அதனால ஒண்ணு மட்டும் கேட்கிறேன். அடுத்த நினைவு நாளுக்கு கார்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு அத்தியாயமாவது படிங்க. படிச்சுட்டு, அந்த ஒரு பேரோட கூட நின்ன மத்தப் பேர்களையும் சேர்த்துப் போடுங்க.



#விருப்பாட்சி #கோபால்நாயக்கர் #திண்டுக்கல்