கையிற் சிவந்த மருதோன்றி



நோன்புப் பெருநாளும் தீபாவளியும் திருமணங்களும் வருங்கால் நம் நாட்டு இல்லங்களிலே பெண்களின் கைகள் மருதோன்றியாற் சிவக்கின்றன. அரைத்து இடும் முறையை வீட்டுப் பாட்டிமார் நன்கறிவர். இட்ட சிவப்பைப் பேணும் முறைபற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மருதோன்றி இலையிலுள்ள லோசோன் என்னும் சாயப்பொருள், தோலின் மேற்படையிலுள்ள கெரற்றின் என்னும் புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. உதிர்த்தவுடன் தெரிவது செம்மஞ்சள் நிறமே. காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளில் அது கருஞ்சிவப்பாக முதிரும். ஆதலின் முதல்நாளிலே 'பற்றவில்லையே' என்று வருந்துதல் வேண்டா. அரைத்த விழுது காயத் தொடங்கும்போது தேசிப்புளியிற் சீனி கரைத்துப் பஞ்சினால் ஒற்றினால், அது உதிராது ஈரமாயிருக்கும். ஆறேழு மணிநேரத்தின்பின் நீர்படாமற் சுரண்டி எடுத்துத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். அன்று முழுவதும் சவர்க்காரம் அக்கைக்கு ஆகாது. அன்றைக்குப் பாத்திரங்களை வீட்டு ஆடவர் துலக்கினாற் குறைந்துவிடமாட்டார்கள்.

உள்ளங்கைத் தோல் தடித்தது. அங்கே நிறம் ஆழ்ந்து பற்றும். புறங்கையில் வெளிறியே தோன்றி விரைவில் மறையும். மேற்படைத் தோல் உதிர உதிரச் சாயமும் உடன் நீங்குவதால், இரண்டொரு வாரத்தில் கோலம் மங்குவது இயல்பு. மீண்டும் பொலிவுறச் செய்ய விரும்புவோர், கையை நன்கு கழுவி எண்ணெய்ப்பசை போக்கி உலர்த்தியபின், பழைய கோடுகளின்மேலேயே மெல்லிய ஈர்க்கினாற் புதுவிழுதை இடலாம்.

பெருநாளுக்கு மறுநாள் சிவந்த கையுடன் வரும் மாணவியரைத் தேய்த்துக் கழுவிவருமாறு பணிக்கும் ஆசிரியரும் உளர். தேய்ப்பதனாற் புண்ணாகுமேயன்றிச் சாயம் போகாது. அது அழுக்கன்று; தானே மறையும்வரை பொறுத்தலே தகும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. 'கறுப்பு மருதோன்றி' என்று கடைகளில் விற்கப்படுவதிற் பெரும்பாலும் கூந்தற்சாயத்திற் சேர்க்கும் பரபெனிலீன்டயமீன் கலந்திருக்கும். மருதோன்றி இலை ஒருபோதும் ஒருமணி நேரத்தில் மைபோற் கறுக்கச் செய்யாது. அவ்வாறு கறுக்கும் பொருளை வாங்காதீர்கள். அதனால் எங்கள் மாணவி ஒருத்தியின் முன்கையிற் கோலத்தின் வடிவிலேயே கொப்புளங்கள் எழுந்தன. தழும்பு இன்னும் மாறவில்லை. ஒருமுறை இவ்வாறு ஒவ்வாமை கொண்ட உடல் அதனை மறவாது. பல்லாண்டு கழித்துத் தலைக்குச் சாயமிடும்போதும் முகம் வீங்கக்கூடும். அரிப்போ எரிவோ தோன்றினால் உடனே கழுவிவிட்டு வைத்தியரை நாடுங்கள்.

கைக்குழந்தைகளுக்கு நல்ல மருதோன்றியும் இடவேண்டாம். பிறவியிலேயே ஒரு நொதியம் குறைந்த சில குழந்தைகளின் குருதிச் செவ்வணுக்கள் அதனாற் சிதைவதுண்டு. அக்குறை பார்த்த மாத்திரத்திற் புலப்படுவதன்று.