காய்ந்த கட்டை காக்கும், பச்சைக் கிளை கொல்லும்

(லயத்து மின்சாரப் பாதுகாப்பு பற்றித் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



இன்னைக்கு உலோகத்தைப் பத்தியும் அல்லுலோகத்தைப் பத்தியும் பேசப் போறோம். "இது பள்ளிக்கூடப் பிள்ளைகளோட பாடமாச்சே, நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொழுந்து எடுக்கிற கைக்கும் கவ்வாத்து வெட்டுகிற கைக்கும் இந்தப் பாடம் வேண்டும். இது தெரியாததால் உயிர்கள் போயிருக்கின்றன.

இரும்பு, செம்பு, அலுமினியம் ஆகியவை உலோகங்கள். கரி, கந்தகம், நாம் சுவாசிக்கிற ஒட்சிசன் ஆகியவை அல்லுலோகங்கள். மரம், றப்பர், துணி, பிளாஸ்டிக் எல்லாம் பெரும்பாலும் அல்லுலோகங்கள் சேர்ந்து உண்டான பொருள்கள்.

உலோகத்துக்குள்ளே இலத்திரன் எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் கட்டுப்பாடில்லாமல் ஓடித் திரிகின்றன. வெப்பத்தையும் மின்சாரத்தையும் சுமந்து போவது அவைதான். மரத்திலும் றப்பரிலும் இலத்திரன்கள் கட்டுண்டு கிடக்கின்றன. அதனால் உலோகத்தைக் கடத்தி என்கிறோம். மரத்தையும் றப்பரையும் காவலி என்கிறோம்.

விடியக்காலையில் இரும்புக் குழாயைத் தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கும். பக்கத்தில் உள்ள மரக்கதவு அப்படி இருக்காது. இரண்டும் ஒரே குளிரில்தான் இருக்கின்றன. இரும்பு நம்ம கையிலுள்ள சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறது, மரம் இழுப்பதில்லை. செம்பு இரும்பைவிட ஏறக்குறைய 5 மடங்கு வெப்பத்தையும், 6 மடங்கு மின்சாரத்தையும் கடத்தும். வீட்டு வயருக்குள் செம்புக் கம்பி இருப்பது இதனால்தான். தூணில் போகிற கம்பிக்கு, பாரமும் விலையும் குறைந்த அலுமினியத்தைப் போடுகிறார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கிற காரீயம் ஒருவகைக் கரிதான். அல்லுலோகமாக இருந்தும் அது மின்சாரத்தைக் கடத்தும். பென்சிலுக்குள் இருப்பது அதுதான். ஆகவே பிள்ளைகள் பிளக் ஓட்டையில் பென்சிலை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிதான் முக்கியமான சங்கதி. அல்லுலோகப் பொருள் நமக்குக் காவல் என்றேன் அல்லவா? அந்தக் காவல் காய்ந்திருக்கும் வரைதான்.

கம்பளியைப் பாருங்கள். கம்பளி தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. அதன் நூலுக்கிடையே உள்ள காற்று நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் மறிக்கிறது. மழையில் நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பிறகு கம்பளி இருந்தும் நடுக்கம்தான். ஈரத்துணியால் சட்டியை இறக்கினால் கை சுடுவதும் இப்படித்தான்.

மின்சாரத்திலும் இதே கதைதான். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் பீலித் தண்ணியிலும் வேர்வையிலும் உப்பும் அழுக்கும் கரைந்திருக்கின்றன. ஈரக்கையோடு, வெறுங்காலில், ஈரத்தரையில் நின்று சுவிட்சைத் தொடுகிறவர் மின்சாரத்துக்குத் தானே வழி விடுகிறார். நம்ம நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஆளைக் கொல்ல அது போதும்.

சவுக்கு மரத்துக் கிளை வெட்டுகிற தம்பிமார் கவனிக்க வேண்டும். "மரந்தானே, கரண்ட் பாயாது" என்று நம்பாதீர்கள். பச்சைக் கிளைக்குள் ஓடுவது சாறு. சாறு என்றால் தண்ணீரும் உப்பும். கிளை மின்கம்பியில் பட்டால் வெட்டுகிறவர் கைவரை மின்சாரம் வரும். கம்பிக்குப் பக்கத்தில் உள்ள மரத்தை மின்சாரக் காரியாலயத்துக்கு அறிவிக்காமல் வெட்ட வேண்டாம்.

லயத்தில் துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டுகிறோம். கூரைத் தகரத்தில் கட்டிய கம்பி அது. தகரத்தில் தோல் உரிந்த வயர் உரசினால் கம்பி முழுக்க மின்சாரம் ஏறும். ஈரச்சேலையோடு வருகிற தாய்க்கு அது தெரியாது. கம்பியைக் கழற்றிவிட்டு நைலோன் கயிறு கட்டுங்கள். அதையும் வயருக்கு எட்டத்தில் கட்டுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் உள்ள காம்பராக்களில் மாதம் ஒருமுறை அதன் பரிசோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். ஒரு அம்பியரை 1,000 பங்காக்கி அதில் 30 பங்கு கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துவதற்காக வைத்த காவல்காரன் அது. பொத்தானை அமுக்கியும் விழாவிட்டால் தெரிந்த மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். அதை மறித்து நேரே வயர் கொடுப்பது காவல்காரனைக் கட்டிப்போடுவது போல.

யாருக்காவது வீட்டில் கரண்ட் அடித்தால் பதறிப்போய் ஆளைத் தொடாதீர்கள். தொட்டால் இரண்டு உயிர் போகும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்று, நன்றாகக் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்சுக்குச் சொல்லுங்கள். மலையில் தூண் கம்பி அறுந்து கிடந்தால் இந்தக் கட்டை வேலைக்கு ஆகாது. அதில் 11,000 அல்லது 33,000 வோல்ட் இருக்கலாம். கிட்டப் போகாமல், மற்றவர்களையும் போகவிடாமல், மின்சாரக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

மழையும் பனியும் நம்ம மலையை விட்டுப் போகப் போவதில்லை. ஆகவே ஒரு பொருளைத் தொடுமுன் "இது உலோகமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "இது காய்ந்திருக்கிறதா?" என்றும் கேளுங்கள். இன்று இராத்திரியே பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.