பற்றலும் விடுதலும்



தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் கேழ்வரகுக் கதிர்மேல் நிற்கும் நீர்த்துளிதான். காஷ்மீரத்துக் குல்மார்க்கிலோ அது மலைச்சரிவையே மூடிக் கிடக்கும். இரு நீண்ட பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு அதன்மேல் சறுக்குவர். என்னிடம் படித்த ஒருவர் அத்தகைய சரிவு ஒன்றில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஊர் திரும்பினார். "விழுந்ததால் முறியவில்லை ஐயா, பலகை காலை விடாததால் முறிந்தது" என்றார்.

அவர் கூறியது உண்மை. விழும்போது பலகை பனியில் சிக்கினால், அது நெம்புகோலாகிக் காலை முறுக்கும். பூட்ஸையும் பலகையையும் இணைக்கும் பிணைப்பு அந்நேரத்தில் கழன்றுகொள்ள வேண்டும். இவ்வாறு கழலும் பிணைப்பை ஹ்யால்மர் ஹ்வாம் என்பவர் 1937இல் தம் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோது எண்ணிக் கண்டார். 1939இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இன்றைய பிணைப்பில் முன்புறம் முறுக்கலுக்கும், பின்புறம் முன்னோக்கிச் சாய்தலுக்கும் கழலும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதைத் திருகாணியால் ஓர் எண்ணில் நிறுத்துவர். எண் மிகுந்தால் எலும்பு முறியும்; குறைந்தால் விரைந்து செல்லும்போதே பலகை கழன்று ஆளைத் தள்ளும்.

சரியான எண்ணைக் காண உலகத் தர நிர்ணயம் 11088 வழி கூறுகிறது. எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம், சறுக்கும் பாங்கு ஆகிய ஐந்தையும் கேட்பர். எடையும் உயரமும் வெவ்வேறு வரிசையைக் காட்டினால் குறைந்ததையே கொள்வர். அடி நீண்டிருந்தால், அதே எண்ணிலும் காலின்மேல் முறுக்கு மிகும். ஆதலால் எண்ணைக் குறைப்பர். பத்து வயதுக்கு உட்பட்டோருக்கும் ஐம்பதை எட்டியோருக்கும் ஒருபடி குறைப்பர். அறுபதைக் கடந்த எனக்கும் அவ்வாறே.

ஐந்தாவது கேள்விதான் நம் நாணயத்தைச் சோதிப்பது. நிதானமாகச் செல்வோர், நடுத்தரமானோர், விரைவை நாடுவோர் என மூவகை உண்டு. அன்றுதான் பலகையில் ஏறிய என் மாணவர், நண்பர்கள் எதிரே நாணி, "மூன்றாம் வகை" என்றார். அந்தச் சொல்லே திருகாணியை இறுக்கியது.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ப்யூஸ் கம்பி அடிக்கடி உருகியது. ஒருவர் சலிப்புற்றுத் தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிட்டார். அதன்பின் விளக்கு அணையவில்லை. சுவரினுள் இருந்த கம்பி கருகியது. உருக வேண்டியது உருகாவிடில், உருகக் கூடாதது எரியும். பிணைப்பின் நியதியும் இதுவே.

உங்களுள் எவரேனும் பின்னாளில் பனிச்சரிவுக்குச் சென்றால், இவற்றை மறவாதீர். பயிற்சி பெற்றவரே எண்ணை அமைத்துச் சோதிக்கட்டும். நண்பனின் எண்ணைக் கடன் கேளாதீர். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைத் துடைத்தபின் பூட்டுங்கள். நன்கு அமைந்த பிணைப்பும் எலும்பைக் காக்குமளவு முழங்காலின் தசைநாரைக் காக்காது; ஆகவே நிதானம் வேண்டும்.

யாவற்றிற்கும் மேலாக, "நீர் எவ்வகையினர்?" என்று கேட்டால், "புதியவன்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அதில் இழிவு இல்லை. என் மாணவர் ஊன்றுகோலுடன் வந்து என் திண்ணையில் அமர்ந்தபோது, "அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம் ஐயா" என்றார். பள்ளியில் அதைச் சொல்லப் பழக்காத ஆசிரியன் என்ற முறையில் நானும் தலைகுனிந்தேன்.