மட்டியும் மறதியும்



கடல்நீரில் மிதந்து வாழும் அல்காக்களுட் பெரும்பாலானவை வெறுங் கண்ணுக்குப் புலப்படாதவை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற ஒருவர், அதன் பின்னரும் ஐந்தாறு ஆண்டுகளை இத்தகைய நுண்ணிய பாசியொன்றின் ஆராய்ச்சியிலேயே கழிக்கின்றார் என்றால், “இதனால் யாருக்கு என்ன பயன்?” என்று அயலார் கேட்பது இயல்பே. இவ்வினாவுக்கு 1987ஆம் ஆண்டின் இறுதியிலே கனடா நாட்டிற் கிடைத்த விடை மிகக் கொடியது.

அவ்வாண்டு நவம்பர், டிசெம்பர் மாதங்களில், மொன்றியல் நகரிலும் பிற இடங்களிலும் நீல மட்டி உண்டோர் பலர் நோயுற்றனர். வாந்தியும் வயிற்றுவலியும் முதலில் வந்தன. கெட்ட மட்டியை உண்டவர்க்கு இவை நேர்வது புதிதன்று. ஆயின், இரண்டு நாட்களுக்குள் சிலரது சித்தம் தடுமாறிற்று. உயிர் பிழைத்தோருள்ளும் சிலர், காலையில் நடந்ததை மாலையில் நினைவிற் கொள்ள இயலாதவராயினர். நோயாளர் என உறுதி செய்யப்பட்டோர் 107 பேர். அவருள் மூவர் சில வாரங்களுள் மாண்டனர். அவர்கள் உண்ட மட்டிகள் யாவும் பிரின்ஸ் எட்வேட் தீவின் கிழக்குக் கரையிலே வளர்க்கப்பட்டவை.

ஹலிபக்ஸ் நகரின் ஆய்வுகூடமொன்றில் இரசாயனவியலாளரும் உயிரியலாளரும் இரவு பகலாக உழைத்து, 104 மணித்தியாலங்களில் நஞ்சு இன்னதெனக் கண்டனர். அது டொமோயிக் அமிலம். கண்டவர்களுக்கே அது வியப்பாயிருந்தது. ஏனெனில், 1958ஆம் ஆண்டிலேயே யப்பானியர் ஒரு செம்பாசியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது; அப்பாசியை அங்குள்ளோர் குடற்புழுவுக்கு மருந்தாக வழங்கி வந்தனர். மூளையிலே செய்தி கடத்தும் குளுற்றாமிக் அமிலத்தை அது உருவில் ஒத்தது. ஆகவே நரம்புக் கலங்களை ஏமாற்றி, அவை ஓயாது கிளர்ந்து அழியுமாறு செய்கின்றது. நினைவைப் பதிக்கும் பகுதியே பெரிதும் சிதைகின்றது. சமைப்பதனால் இந்நஞ்சு நீங்குவதுமில்லை.

செம்பாசியின் நஞ்சு மட்டிக்குள் வந்தது எவ்வாறு? மட்டிகளின் குடலை அறுத்துப் பார்த்தபோது, அங்கே செம்பாசி இல்லை. ஊசி போன்ற தயற்றங்களே நிறைந்திருந்தன. தயற்றம் என்பது சிமிழும் மூடியும் போன்ற கண்ணாடி ஓட்டினுள் வாழும் ஒருகல அல்கா. மட்டியை நஞ்சாக்குவன வேறு குலத்து அல்காக்கள் என்பதே அதுவரை ஆய்வாளரின் துணிபு. தயற்றங்களை எவரும் ஐயுற்றதில்லை.

இங்கேதான் ஆய்வுமாணவரின் பாடம் தொடங்குகின்றது. முதற் பாடம், பெயரை நம்பாதிருத்தல். இத்தயற்றத்தின் கலங்கள் நுனியோடு நுனி ஒட்டிச் சங்கிலியாய் மிதப்பன. சாதாரண நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு இனங்கள் உள. ஓட்டை அமிலத்திற் கழுவி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தாலன்றி வேறுபாடு தெரியாது. ஒன்றில் துளைகள் இரண்டு வரிசையாய் அமைந்திருக்கும். மற்றதில் மூன்று, நான்கு வரிசையாய் அமைந்திருக்கும். பின்னையதே கனடாவில் நஞ்சூட்டியது. இவ்வேறுபாட்டை 1965ஆம் ஆண்டிலே நூலில் எழுதி வைத்தவர், நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்து கிறேத்தே ஹாஸ்லே அம்மையார். அப்போது எந்த மட்டியும் எவர்க்கும் நினைவிழப்பைத் தந்ததாகப் பேச்சில்லை. துளை எண்ணுவது வீண்வேலை என்று அன்று எவரேனும் கூறியிருந்தால், மறுப்பதற்கு அம்மையாரிடம் சான்றொன்றும் இருந்திராது.

இரண்டாம் பாடம் வளர்த்தல். மெல்லிதாய் இழுத்த கண்ணாடிக் குழாயினால் ஒரேயொரு கலத்தைப் பற்றியெடுத்து, தூய கடல்நீர்த் துளிகளில் மீண்டும் மீண்டும் கழுவி, தனியே வளர்க்க வேண்டும். பல முயற்சிகள் பிழைத்த பின்னரே ஒன்று தழைக்கும். சனி, ஞாயிறு என்று பார்த்து அல்காக்கள் வளர்வதில்லையாதலால், மாணவருக்கும் விடுமுறை அரிது. குடுவை நிறையத் தழைத்த கலங்களைச் சோதித்து, நஞ்சு ஏதுமில்லை எனக் கண்டு சோர்வோரும் உளர். பிழை பெரும்பாலும் காலத்திலே இருக்கும். கலங்கள் விரைந்து பெருகும்வரை நஞ்சு அரிது. ஓடு சமைக்கும் சிலிக்கேற்று முதலியன குறைந்து, பெருக்கம் நின்ற பின்னரே அது மிகுகின்றது. இன்னுமொரு சிக்கல் பற்றீரியா. கலங்களோடு ஒட்டி வாழும் பற்றீரியாக்களை முற்றாக நீக்கின் நஞ்சு குன்றுகின்றது. மீளச் சேர்ப்பின் கூடுகின்றது. அவ்வாறாயின், ஆய்வுமாணவர் ஆராய்வது ஓருயிரையா, ஒரு கூட்டத்தையா?

வளர்ப்பை ஆண்டுக்கணக்கிற் பேணுவோர்க்கு வேறொரு தொல்லை. சிமிழும் மூடியுமாகப் பிரியும்போது, உள்ளோட்டைப் பெறும் சேய் சற்றே சிறுக்கும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து, நஞ்சையும் இழந்து, ஈற்றில் அவ்வளர்ப்பு மடியும். ஆண், பெண் என இருவகைக் கலங்கள் கூடினாலே பெரிய சேய்கள் பிறக்கும். அவ்வாறு பிறந்தவற்றுட் சில, பெற்றோரினும் பன்மடங்கு நஞ்சுடையனவாய் இருந்தமை கனடாவில் அறியப்பட்டது. ஆகவே, பத்தாண்டு பழைய வளர்ப்பைக் கொண்டு இன்றைய கடலைக் கணிப்பவர் ஏமாறுவர். 2018ஆம் ஆண்டிலே இந்நஞ்சைச் சமைக்கும் பரம்பரையலகுகள் கலிபோர்ணியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவகத்திலே கண்டறியப்பட்டன. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் அப்போது ஓர் ஆய்வுமாணவரே.

கலிபோர்ணியாவுக்கு இந்நஞ்சோடு பழைய உறவு உண்டு. 1961ஆம் ஆண்டு ஓகஸ்டு 18ஆம் திகதி விடியற்புறத்திலே, மொன்றறே குடாவின் கரையிலுள்ள கப்பிற்றோலா என்னும் ஊரில், கரிய கடற்பறவைகள் கூட்டங் கூட்டமாய் வீடுகளில் மோதி வீழ்ந்தன. திரைப்பட இயக்குநர் ஹிச்கொக் அச்செய்தியை அறிந்திருந்தார். அவரது ‘பறவைகள்’ 1963இல் வெளிவந்தது. காரணம் மட்டும் புலப்படவில்லை. 1991இல் அதே குடாவிலே நெத்தலி தின்ற கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் மாண்டபோதுதான், டொமோயிக் அமிலத்தின் மேல் ஐயம் திரும்பிற்று. ஆயின், முப்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த பறவைகளை எங்கே தேடுவது?

பறவைகள் இல்லையாயினும் போத்தல்கள் இருந்தன. 1961ஆம் ஆண்டுக் கோடையிலே வலைவீசிப் பிடித்த நுண்விலங்குகள், மருந்திட்டுப் பேணப்பட்டிருந்தன. அவற்றின் குடலை ஆய்ந்தோர், உண்ணப்பட்ட அல்காக்களுள் 79 வீதம் நஞ்சூட்டும் தயற்ற இனங்களாய் இருக்கக் கண்டு, 2012இல் வெளியிட்டனர். பறவைகளைப் பார்த்துச் சொன்ன சான்று அன்று அது. எனினும் அதனினும் நெருங்கிய சான்று கிடைப்பதற்கில்லை. அவ்வாய்வை முன்னின்று நடத்திய சிபெல் பார்கு என்பாரும், அக்குடாவின் அயலிலுள்ள சந்தா குரூஸ் பல்கலைக்கழகத்திலே ஆய்வுமாணவராய் இருந்து இத்தயற்றங்களைக் கற்றவரே.

சந்தா குரூஸ் இறங்குதுறையிலே வாரந்தோறும் கடல்நீர் முகந்து சோதிக்கும் வழக்கம் உண்டு. நீர் முகப்போர் பலகால் காண்பது ஆபத்தற்ற அல்காக்களையே. இத்தகைய பணியில் ஈடுபட்ட ஆய்வுமாணவர், அன்று ஒன்றும் அகப்படாவிடினும், சிறிது நீரைப் போத்தலில் ஊற்றி, மருந்திட்டு, திகதியைத் தெளிவாக எழுதி ஒட்டிவிட்டே வீடு செல்கின்றார்.