குடும்பமும் குப்பைக் கூடையும்

(பொன்விழாக் குடும்பநாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



குடும்பநாள் என்றால் குருவானவர் குடும்ப செபமாலையைப் பற்றியோ பிள்ளைகளின் ஞானோபதேசத்தைப் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் குப்பை. சிரிக்க வேண்டாம். ஆண்டவரே இது பற்றி ஒரு கட்டளை தந்திருக்கிறார்.

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேருடைய பசியை அவர் ஆற்றிய வரலாறு நமக்கு மனப்பாடம். ஆனால் யோவான் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில், பந்தி முடிந்தபின் நடந்ததை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். எதுவும் பாழாகாதபடி, மிஞ்சிய துண்டுகளைச் சேர்க்கும்படி சீடர்களிடம் சொல்கிறார். பன்னிரண்டு கூடைகள் நிறைகின்றன. நினைத்த மாத்திரத்தில் அப்பம் உண்டாக்க வல்லவருக்கு மிச்சம் எதற்கு? தந்தை கொடுத்ததை எறியலாகாது என்று எண்ணியே சொன்னார். கூடையைத் தூக்கியவர்கள் யாரென்றும் பாருங்கள். பின்னாளில் திருச்சபையின் தூண்கள் என்று நாம் போற்றும் அதே சீடர்கள்தாம் அன்று குனிந்து பொறுக்கினார்கள்.

நம் வீடுகளில் குனிகிறவர் யார்?

முன்னாளில் வீட்டில் குப்பை என்று பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. மிஞ்சிய சோறு மறுநாள் பழையதாயிற்று. கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போயிற்று. கிழிந்த சேலை முதலில் தூளியாகி, பிறகு கரித்துணியானது. அதைப் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. பாதிக்கும் மேல் வறுமை கற்பித்த பாடம் அது. இன்று கையில் காசு கொஞ்சம் புரள்கிறது. ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய் எல்லாம் சின்னச் சின்ன உறைகளில் வருகின்றன. பிள்ளை உறையைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா, இதை என்ன செய்ய?” என்று கேட்கிறது. “வெளியே போடு” என்கிறோம்.

வெளியே என்பது எங்கே? சென்னை மாநகரம் ‘வெளியே’ போட்டதெல்லாம் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாய்க் குவிந்தது. அவற்றின் அருகிலும் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெருங்குடிக் குப்பைமேடு நின்றது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து, உலக நாடுகள் மதிக்கும் ஈரநிலமாகக் குறிக்கப்பட்டதும் அதே பள்ளிக்கரணைதான். நம் ஊரளவில் வாய்க்காலும் காலி மனையுமே நமக்கு வெளியே. சிலர் மாலையில் எல்லாவற்றையும் கூட்டிக் கொளுத்திவிட்டு, சுத்தம் செய்துவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். பி.வி.சி. போன்ற பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். குப்பையை நாம் அகற்றவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்கு அனுப்பி வைத்தோம், அவ்வளவே.

காலையில் வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரை எண்ணிப் பாருங்கள். நேற்றைய குழம்பு, குழந்தையின் டயப்பர், சவர பிளேடு, உடைந்த பாட்டில், எல்லாம் ஒரே பையில். அந்தப் பையைக் கையால் துழாவுகிறவர் ஒரு தாய். இந்த வேலைக்கென்றே சில சாதியாரை ஒதுக்கி வைத்த பாவம் நம் நாட்டுக்கு உண்டு. ஒரே திருமுழுக்குப் பெற்ற நாம் அதிலிருந்து முழுவதும் விடுபட்டோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? பிள்ளைக்கு மறைக்கல்வி கற்பிக்கும் பெற்றோர், கண்ணாடித் துண்டைத் தனியே காகிதத்தில் சுற்றி, “அந்த அம்மா கையைக் கிழித்துவிடும்” என்று சொல்லிக் கொடுத்தால், அதுவும் பிறரன்பைப் பற்றிய மறைக்கல்விதான்.

“சாமி, நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று வீட்டிலேயே பிரிக்க வேண்டுமென 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டளையிட்டன. பிரித்ததை ஒன்றாய்க் கொட்டினால், அன்பியம் அன்பியமாகத் திரண்டு போய்க் கேட்க நமக்கு உரிமை உண்டு. பிரிக்காதவன் எந்த முகத்தோடு கேட்பான்? மேலும் மக்கும் குப்பை லாரிக்கே போக வேண்டியதில்லை. ஓட்டையிட்ட பழைய மண்பானையில் காய்ந்த சருகும் சமையல் கழிவும் மாற்றி மாற்றிப் போட்டு, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் சருகு போடுங்கள்.

இங்கே தந்தையருக்கு ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், “சாமி சொன்னாரே, செய்” என்று மனைவியிடம் சொல்லாதீர்கள். அவர்கள் சுமை ஏற்கெனவே போதும். பானையைக் கிளறுவது உங்கள் வேலையாக இருக்கட்டும். மகனும் பார்த்துக் கற்றுக்கொள்வான்.

1979-இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ்குவைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். 2015-இல் ‘லௌதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலில், உண்ணுமளவே சமைப்பதையும் குப்பை பிரிப்பதையும்கூடத் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதி வைத்தார். இவ்வளவு சிறிய காரியங்களைத் திருத்தந்தையர் எழுத வேண்டுமா என்று படித்தவர்கள் சிலர் புருவம் நெரித்தார்கள். வீடு கூட்டிப் பார்த்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதாக நமக்குத் தெரியவில்லை.

இனி நம் விழாவுக்கு வருவோம். தேர்பவனி முடிந்த மறுநாள் கோயில் வளாகம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப், பந்தி மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை 1-1-2019 முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. ஆகையால் பொன்விழா விருந்தில் வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும்தான். தோரணம் துணியிலும் மாவிலையிலும் இருக்கட்டும். இலைகளும் பீடத்து மாலைகளும் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் வெட்டியிருக்கும் குழிக்குப் போகும். மிஞ்சும் சோற்றைச் சூடு ஆறுமுன் யாரிடம் சேர்ப்பது என்பதை வின்சென்ட் தே பவுல் சபையார் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். கெட்டுப்போனபின் ஏழைக்குக் கொடுப்பது தருமமாகாது.

முதல் பந்தியின் இலைகளைப் பங்குப் பேரவையாரோடு சேர்ந்து நாமே எடுப்போம். அடுத்த பந்திகளுக்குக் குடும்பத்துக்கு ஒருவர் வேண்டும். ஆண்களாக இருந்தால் நலம். பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். வீட்டில் பனையோலைக் கூடை வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் கொண்டுவந்து வையுங்கள்.